விடாது கருப்பு: முடிவு தெரிந்த பிறகு

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். காசிமேட்டு மீனவர்கள் வீட்டில் இருக்கும் அந்த நாட்களில் ராயபுரத்தில் எங்கள் தெருவில் 'விடாது கருப்பு' திரும்ப ஓடும். 1990களின் பிற்பகுதியில் வந்த தொலைக்காட்சித் தொடர்; 'மர்மதேசம்' வரிசையில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கியது.

கடைசிப் பகுதிக்கு வந்ததும் சண்டை தொடங்கிவிடும். ஊரில் தண்டனை கொடுப்பது கருப்பசாமியா, மனிதனா? பிளவுண்ட ஒரு மனம்தான் என்று தொடர் விளக்குகிறது. எதிர்வீட்டு அக்கா ஒப்பமாட்டார். "டாக்டரு பேரு வச்சா சாமி இல்லன்னு ஆயிடுமா? அவனுக்குள்ள வந்தது இன்னா, அத்தச் சொல்லு" என்பார். அவர் தம்பிக்கு அது மூடநம்பிக்கை. திருவொற்றியூர் வட்டப்பாறை அம்மனுக்கு நேர்ந்துகொண்டு கடலுக்குப் போகிறவர்கள் நிறைந்த கூட்டத்தில் அக்காவுக்கே ஆதரவு அதிகம்.

நான் அக்கா பக்கம். விளக்கம் சரியானதுதான், ஆனால் பயம் அதில் கரையவில்லை. முடிவு தெரிந்து மறுபடி பார்க்கும்போதுதான் நாகாவின் கைத்திறன் முழுதாகப் புரிகிறது. நாயகன் ராஜேந்திரனின் சிறுவயதையும் இளமையையும் மாற்றி மாற்றிக் காட்டும் அந்த அமைப்பு, முதல் முறை கதையை இழுத்தடிப்பதுபோல் தெரிந்தது. இப்போது அதுவே சாட்சியம். அன்று கருப்பின் குதிரைக் குளம்பொலி வரும் திசையைத் தேடினோம். இன்று நம் கண் ராஜேந்திரனாக நடித்த சேத்தனின் முகத்தை விட்டு நகர்வதில்லை. குழப்பமும் களைப்பும் கலந்த அந்தப் பார்வையில், விடையைத் தொடக்கத்திலிருந்தே அவர் நமக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.