லோகாவின் மூச்சு

மலேசிய இசைக்குழுவான அலிகேட்ஸின் பழைய இசைத்தட்டுகளைப் புதிய ரசிகர்களுக்காக மறுபதிப்புச் செய்யும்போது முதலில் காப்பாற்றப்பட வேண்டியது லோகாவின் மூச்சு. லோகநாதன் ஆறுமுகம் ஒரு வரியைச் சட்டென்று முடிப்பதில்லை. குரல் தணிந்து, காற்றாகி, கித்தாருக்குள் கரையும். அந்தக் கரைதல்தான் அவர் பாட்டின் உயிர். அண்ணன் டேவிட்டின் குரலே குழுவின் முகம் என்பவர்கள் இருக்கிறார்கள். மேடையில் அது சரிதான்; அவருடைய கலகலப்புக்கு ஈடில்லை. ஆனால் இரவில் தனியாகக் கேட்பவருக்கு லோகாதான் துணை.

இந்தப் பக்குவம் திடீரென்று வந்ததல்ல. வியட்நாம் போர்க் காலத்தில் பினாங்கு அமெரிக்கச் சிப்பாய்களின் ஓய்வுத்தலமாக இருந்தது. எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம். ஆங்கிலப் பாட்டு இரு கரைகளிலும் புழங்கிய காலத்தில் வளர்ந்த பினாங்குச் சகோதரர்கள் இவர்கள். 1970களில் ஹாங்காங் கேளிக்கை விடுதிகளில் இரவுதோறும் பாடினார்கள். பிறகு பாலிகிராம் வெளியிட்ட மலாய் இசைத்தட்டுகள் அவர்களை நாடறியச் செய்தன. தமிழ் வீட்டுப் பிள்ளைகள் பாடிய 'ஹிங்கா அக்கிர் நந்தி' மலேசியர் எல்லாருக்கும் சொந்தப் பாட்டானது.

இப்பாடல்கள் வெளிவந்த காலத்தில் பலர் அவற்றைக் கேட்டது கேசட்டில். கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். ஒலிப்பதிவுக் கூடத்து மாஸ்டர் டேப் வழக்கமாக 38 சென்டிமீட்டர், அதாவது எட்டு மடங்கு. கேசட்டின் இரைச்சலில் முதலில் அமிழ்ந்துபோவது மெல்லிய மூச்சுதான். அதனால் மறுபதிப்பு மாஸ்டர் டேப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

அதிலும் சிக்கல் உண்டு. 1970, 80களின் நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து கருவியில் ஒட்டும். சுமார் 50 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட இளஞ்சூட்டில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே ஓட்ட முடியும். மலேசியாவின் ஈரக்காற்றில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

அடுத்தது பாட்டு வரிசை. எல்பியின் வெளி விளிம்பில் முள்ளின் கீழ் பள்ளம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் நகரும். உள்விளிம்பில் 20 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே உரத்த ஒலி சிதையும். அதனால் பக்கத்தின் கடைசியில் மென்மையான பாட்டை வைப்பது தேர்ந்த தயாரிப்பாளர்களின் வழக்கம். கேட்பவரின் மனமும் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகியது. பிரபலமான பாட்டுகளை மட்டும் அள்ளி ஒரே தட்டில் அடைக்கும் தொகுப்பு புதியவருக்கு எளிது என்று வாதிடலாம். அறிமுகத்துக்கு அது போதும். ஆனால் லோகாவின் தணிந்த பாட்டுகள் அத்தகைய தேர்வில் எளிதில் விடுபடும். முழுத் தட்டையும் முதலில் வந்த வரிசையிலேயே கொடுப்பதுதான் முறை.

இன்றைய பெரிய கேடு ஒலியளவை உயர்த்தும் பழக்கம். 1990களிலிருந்து உலகெங்கும் பல மறுபதிப்புகள் உரத்த இடத்தை நசுக்கி, மெல்லிய இடத்தைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தன. கைப்பேசியில் முதல் நொடி பளிச்சென்று கேட்கும்; மூன்றாம் பாட்டில் காது களைத்துவிடும். கரைந்து மறைய வேண்டிய குரல் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இரைச்சலை முற்றாகத் துடைக்கும் மென்பொருளும் சேர்ந்தால் மூச்சும் இரைச்சலோடு போய்விடும். நாடாவின் சிறு சீறல் இருந்தால் இருக்கட்டும்.

கடைசியாக, உறைக்குள் ஒரு தாள் வேண்டும். இசையமைத்தவர், பாட்டெழுதியவர், எந்தப் பாட்டை அண்ணன் பாடினார், எதைத் தம்பி பாடினார், வெளிவந்த ஆண்டு என அத்தனையும் அதில் அச்சாக வேண்டும். கைப்பேசித் திரையில் பெரும்பாலும் குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் மட்டும் ஓடுவதால் கேட்பவர் இதையெல்லாம் எளிதில் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

லோகா 2007 ஜூன் 4 அன்று நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். அவர் குரலை இனி யாரும் புதிதாகப் பதிவு செய்ய முடியாது. எஞ்சியிருப்பது நாடாவில் இருக்கும் மூச்சு மட்டுமே.