இரண்டு முறை தோற்ற அணியும் தோற்காமலே போன அணியும்

நாக்-அவுட் போட்டிக்கு விதி ஒன்றே ஒன்றுதான். தோற்றால் வெளியே. லீக்கில் இருப்பதுபோல புள்ளிகளைக் கூட்டுவது, கோல் வித்தியாசம் பார்ப்பது எல்லாம் இங்கே கிடையாது. நூறு அணிகள் கலந்துகொண்டால் தொண்ணூற்றொன்பது அணிகள் ஆளுக்கு ஒரு தடவை தோற்கும். ஒன்று மட்டும் தோற்காது. கோப்பை அதற்கு. இவ்வளவு எளிமையான கணக்கு என்பதால்தான் இந்த வகைப் போட்டிகள் மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

இந்தக் கணக்கு தப்பிப்போன ஒரு சீசன் இருக்கிறது. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, 1999-2000. அந்த சீசனில் டார்லிங்டன் என்ற அணி இரண்டு முறை தோற்றது. முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற மான்செஸ்டர் யுனைட்டட் ஒரு முறைகூடத் தோற்கவில்லை. ஆனாலும் கோப்பை அவர்களை விட்டுப் போய்விட்டது.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1999 மே மாதம் யுனைட்டட் லீக், எஃப்.ஏ. கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் ஒரே சீசனில் வென்றது. ஐரோப்பிய சாம்பியன் என்பதால், ஃபிஃபா முதல் முறையாக நடத்திய கிளப் உலகப் போட்டிக்கு அழைப்பு வந்தது. இடம் பிரேசில், காலம் 2000 ஜனவரி. 2006 உலகக் கோப்பையைத் தன் நாட்டில் நடத்த வேண்டும் என்று இங்கிலாந்து அப்போது முயன்றுகொண்டிருந்தது. யுனைட்டட் போகாவிட்டால் ஃபிஃபா முகம் சுளிக்கும், ஓட்டு போய்விடும் என்று கால்பந்து சங்கமான எஃப்.ஏ.வும் அரசாங்கமும் பயந்தன. ஜூன் மாதக் கடைசியில் அறிவிப்பு வந்தது: நடப்பு சாம்பியன் இந்த முறை எஃப்.ஏ. கோப்பையில் ஆடாது.

இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் யுனைட்டட்டைத்தான் திட்டுகிறார்கள். திமிர், பண ஆசை, பாரம்பரியத்தை மதிக்கவில்லை என்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கிளப் தன் லாபத்தைப் பார்க்கும், அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் கோப்பையைக் காப்பாற்ற வேண்டியவர் யார்? அதை நடத்துகிற எஃப்.ஏ. அந்த எஃப்.ஏ.வே தன்னுடைய கோப்பையை, இன்னும் கைக்கு வராத வேறொரு கோப்பைக்காக அடகு வைத்தது. என் புகார் அங்கேதான்.

தேதிகளைக் கொஞ்சம் பாருங்கள். பெரிய அணிகள் நுழைவது மூன்றாவது சுற்றில். வழக்கமாக ஜனவரி தொடக்கத்தில் நடக்கும் அந்தச் சுற்று அந்த வருஷம் டிசம்பர் 11-ஐ ஒட்டியே நடந்தது. பிரேசில் போட்டி தொடங்கியது ஜனவரி 5. நடுவே மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி. உண்மையில் மோதியது நான்காவது சுற்று மட்டும்தான். ஜனவரி 8 அன்று இங்கிலாந்தில் நான்காவது சுற்று, அதே நாளில் பிரேசிலில் யுனைட்டட் வாஸ்கோ ட காமாவிடம் 1-3 என்று தோற்றது. அதாவது ஒரே ஒரு ஆட்டம். அதைத் தள்ளிவைத்திருக்கலாம். இல்லையென்றால் இளம் வீரர்களை இறக்கி, தோற்றால் தோற்கட்டும் என்று விட்டிருக்கலாம். இளம் அணி தோற்றிருந்தால்கூடக் கணக்கு சரியாக இருந்திருக்கும்.

சரி, விலகியாச்சு. அடுத்து என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது.

மூன்றாவது சுற்றுக்கு 64 அணிகள் வேண்டும். மேலே உள்ள இரண்டு டிவிஷன்களில் இருந்து 44, இரண்டாவது சுற்றில் ஜெயித்து வருபவை 20. யுனைட்டட் இல்லாததால் 63. ஒன்று குறைகிறது. உடனே எஃப்.ஏ. ஒரு யோசனை கண்டுபிடித்தது. இரண்டாவது சுற்றில் தோற்ற 20 அணிகளின் பெயரையும் போட்டுக் குலுக்கி, ஒன்றை எடுத்து உள்ளே விடுவது. வந்த பெயர் டார்லிங்டன். நான்காவது டிவிஷன் அணி. கில்லிங்கமிடம் தோற்று வெளியே போயிருந்தது. இப்போது திரும்ப உள்ளே வந்து, ஆஸ்டன் வில்லாவிடம் 1-2 என்று இன்னொரு தடவை தோற்றது.

பாவம், சின்ன கிளப்புக்கு ஒரு பெரிய மைதானத்தில் ஆடக் கிடைத்ததே, டிக்கெட் வசூலில் பங்கு வந்ததே, அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டார்லிங்டன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள்? ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்று டார்லிங்டன் ஜெயித்திருந்தால்? அப்படியே போய்க்கொண்டே இருந்திருந்தால்? ஏற்கெனவே தோற்ற அணி கோப்பையைத் தூக்கியிருக்கும். நடக்க வாய்ப்பு குறைவு என்பது பதில் ஆகாது. டார்லிங்டனை வீழ்த்திய வில்லா இறுதிப்போட்டி வரை போனது. முதலில் டார்லிங்டனை வீழ்த்திய கில்லிங்கமோ மூன்றாவது டிவிஷனில் இருந்துகொண்டே பிராட்ஃபோர்ட், ஷெஃபீல்ட் வென்ஸ்டே என்ற இரண்டு பிரீமியர் லீக் அணிகளை வெளியேற்றி, காலிறுதியில் செல்சியிடம்தான் விழுந்தது. அந்தக் கில்லிங்கமின் வெற்றிக்கு என்ன அர்த்தம்? எதிராளியை வெளியேற்றினார்கள், அவர் அடுத்த சுற்றில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்!

வேறு வழி இருந்ததா? இருந்தது, அதுவும் கோப்பையின் சொந்த வரலாற்றிலேயே. எதிராளி வராவிட்டால் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவதை நம்ம ஊர் டோர்னமென்ட்களில் ‘பை’ என்பார்களே, அது எஃப்.ஏ. கோப்பைக்குப் புதிதல்ல. 1871-72-இல் நடந்த முதல் சீசனிலேயே அரையிறுதியில் வாண்டரர்ஸுடன் டிரா செய்த ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க், மறு ஆட்டத்துக்கு லண்டனில் தங்கக் காசில்லாமல் விலகியது. வாண்டரர்ஸ் ஆடாமலே இறுதிக்குப் போய்க் கோப்பையையும் வென்றது. அந்த இடத்தை நிரப்ப, தோற்ற யாரையும் அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த சீசனில் நடப்பு சாம்பியன் என்பதால் வாண்டரர்ஸ் நேராக இறுதிப்போட்டியில்தான் ஆடியது. இரண்டுமே முழு நியாயம் இல்லைதான். ஆனால் இரண்டிலும் தோற்றவர் தோற்றவராகவே இருந்தார். யுனைட்டட் இடத்தில் ஒரு ‘பை’ விட்டிருந்தால், வந்த அணிக்கு ஒரு ஆட்டம் மிச்சமாகியிருக்கும், அவ்வளவுதான். அட்டவணையில் இருக்கும் ஓட்டை எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும். அந்த ஓட்டை தெரியக்கூடாது என்பதற்காகத்தான் டார்லிங்டனை வைத்து அடைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது? யுனைட்டட் பிரேசிலில் ஒரு டிரா, ஒரு தோல்வி, ஒரு வெற்றியோடு முதல் கட்டத்திலேயே வெளியேறியது. 2000 ஜூலையில் சூரிச்சில் வாக்கெடுப்பு நடந்தபோது இங்கிலாந்து இரண்டாவது சுற்றில் வெறும் 2 ஓட்டோடு கழன்றுகொண்டது. உலகக் கோப்பை ஜெர்மனிக்குப் போனது. விலகியதற்காகப் பின்னாளில் ஃபெர்குசனே வருத்தப்பட்டார்.

அதே சீசனில், ஆங்கிலக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். டோவரில் இருந்து நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான் கலே. அந்த ஊர் அணியும் டார்லிங்டன் மாதிரியே நான்காவது டிவிஷன். ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடும் அமெச்சூர்கள். பிரெஞ்சுக் கோப்பையில் அவர்கள் லீல், கான், ஸ்ட்ராஸ்பூர்க் என்று ஒவ்வொன்றாக வீழ்த்தினார்கள். அரையிறுதியில் நடப்பு லீக் சாம்பியன் போர்தோவை 3-1 என்று தோற்கடித்து இறுதிக்கு வந்தார்கள். 2000 மே 7, ஸ்டாட் த ஃபிரான்ஸ். முதல் கோலும் கலேதான் போட்டது. கடைசி நிமிஷ பெனால்டியில் நாந்த் 2-1 என்று ஜெயித்தது. நாந்த் கேப்டன் லாந்த்ரோ, கலே கேப்டனைக் கூப்பிட்டு இருவருமாகக் கோப்பையைத் தூக்கினார்கள்.

அங்கேயும் தோற்றவர்களுக்கு ஏதோ ஒன்று கிடைத்தது. ஆனால் அதைக் கொடுத்தது அவர்களைத் தோற்கடித்த அணி. ஸ்கோர் மாறவில்லை, பதிவேட்டில் நாந்த்தின் பெயர்தான் இருக்கிறது. கலேயின் ஒவ்வொரு வெற்றிக்கும் மதிப்பு இருந்தது, ஏனென்றால் எதிரே போர்தோ உண்மையாகவே ஆடியது, தோற்ற பிறகு வீட்டுக்குப் போனது. சின்ன அணிக்குக் கோப்பை தரக்கூடிய ஒரே மரியாதை அது என்று எனக்குப் படுகிறது. குலுக்கலில் கிடைக்கும் இடம் அதற்கு ஈடாகாது.

இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று, பழைய வெம்ப்ளியில் கடைசி எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டி நடந்தது. 73-வது நிமிஷத்தில் டி மத்தேயோ போட்ட ஒரே கோலில் செல்சி வில்லாவை வென்றது. செல்சியின் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை, எதிரே வந்த எல்லாரையும் அவர்கள் வென்றார்கள். ஆனால் முந்தைய சாம்பியனை யாராவது தோற்கடித்தால்தான் கோப்பை கைமாறும் என்ற வழக்கம் அந்த வருஷம் அறுந்துபோனது. யுனைட்டட் அந்தக் கோப்பையில் உண்மையாகவே தோற்றது 2001 ஜனவரியில்தான், சொந்த மைதானத்தில், வெஸ்ட் ஹாமிடம் 0-1 என்று. என் கணக்குப்படி 1999-இல் வென்ற கோப்பை அவர்கள் கையை விட்டுப் போனது அன்றைக்குத்தான்.