ஈட்டிப் பலகையைப் பார்க்கும் விதம்

பழைய ஈட்டி மர அலமாரியோ நாற்காலியோ கண்ணில் பட்டால் நேர் எதிரே நிற்காதீர்கள். ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் பக்கவாட்டில் விழட்டும். நீங்கள் இடமிருந்து வலமாக மெல்ல நடந்து பாருங்கள். கருத்திருந்த பட்டை வெளுக்கும், வெளுத்திருந்தது கருக்கும். இந்த மரத்தின் நார்கள் சில காலம் ஒரு பக்கமும் பிறகு எதிர்ப்பக்கமும் சாய்ந்து வளர்வதால் வரும் ஜாலம் அது. ஆசாரியைப் பாடாய்ப் படுத்துவதும் அதே குணம்தான். ஒரு பட்டையில் வழுக்கிக்கொண்டு போகும் இழைப்புளி, அடுத்த பட்டையில் நாரைப் பிய்த்துவிடும். எங்கும் பிசிறில்லாத ஈட்டிப் பலகையைத் தடவும்போது, இழைப்புளியைத் தீட்டிய கையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரம்பம் போன வழியைத் தேடுங்கள். மரத்தின் வளையங்களைத் தொட்டபடி அறுத்திருந்தால் மலைமுகடுகள் போல வளைந்த ரேகைகள் அடுக்கடுக்காக எழும். நடுத்தண்டிலிருந்து மரப்பட்டையை நோக்கி அறுத்திருந்தால் கறுப்புக் கோடுகள் நேராக ஓடும். பலரும் வளைவுகளில்தான் மயங்குகிறார்கள். எனக்கு நேர்கோடுதான் உசத்தி: அப்படி அறுத்த பலகை அவ்வளவு எளிதில் கோணாது, அந்த அடக்கமும் அழகுதான். இப்படி நேராக அறுத்த பலகையைக் கிதாரிலும் காணலாம்: அதன் முதுகுக்கும் பக்கங்களுக்கும் இந்த மரம் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அமெரிக்காவின் மார்ட்டின் கிதார் நிறுவனம் 1969-இல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய ஈட்டிக்கு மாறியது.

நிறத்தைப் பார்க்க இழுப்பறையை வெளியே எடுங்கள். வெயில் பட்ட முகப்பு ஆண்டுகள் போகப்போகப் பழுப்பாகிவிடும். வெளிச்சம் படாத இடத்தில்தான் வைரத்தின் ஊதாச் சாயல் மிஞ்சியிருக்கும். ஓரத்தில் வெளிர்மஞ்சள் கீற்று தெரிந்தால் அது வைரம் பாயாத வெளிமரம்.

மேலே ஒட்டிய மெல்லிய தோலா, முழுப் பலகையா என்ற சந்தேகம் வந்தால் விளிம்பைப் பாருங்கள். முகப்பின் ரேகை விளிம்பில் திரும்பித் தொடரவேண்டும். குறுக்குவெட்டு முனையில் நுண்துளைகள் தெரியவேண்டும். தூக்கிப் பார்ப்பதும் உதவும்: ஒரு கன அடித் தேக்கு சுமார் 18 கிலோ என்றால், ஈட்டி 23 கிலோவைத் தாண்டும்.

பலகையில் துண்டுகளைப் பதித்து ஓவியம் தீட்டும் மைசூர் வேலைப்பாட்டில் ஈட்டியின் கருமை பின்புலமாகிறது. முன்பு அதில் தந்தம் பதித்தார்கள். இன்று பல நிற மரத்துண்டுகளைப் பதிக்கிறார்கள். ஓவியத்தைவிடத் துண்டும் பலகையும் சேரும் கோட்டைக் கவனியுங்கள், அங்கே இடுக்கே இருக்கக்கூடாது.

2017 முதல் ஈட்டியின் பேரினம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே வீட்டில் பழைய ஈட்டிச் சாமான் இருந்தால் அதைப் போற்றிக் காப்பாற்றுங்கள், அதன்மேல் தடித்த வார்னிஷ் பூசவிடாதீர்கள். அரக்குப் பாலிஷ் மெல்லியதாக ஏறினால் போதும், நார்களின் ஜாலம் மறையாது.