ஏழு அடிக் குழாய்

டெக்னிக்கல் டைவிங் என்று வாயெடுத்தாலே பேச்சு ஆழத்துக்குப் போய்விடுகிறது. எத்தனை மீட்டர், மேலே வரும் வழியில் எத்தனை நிமிட அழுத்தத் தணிப்பு நிறுத்தம் (டெகோ), ஹீலியம் எத்தனை சதவீதம். நாற்பது மீட்டருக்குள்ளேயே பல வருடம் சந்தோஷமாக முங்கியவன் நான். அந்தக் கோட்டைத் தாண்டப் பயிற்சிக்குப் போனபோது என்னைக் கட்டிப்போட்டது கழுத்தைச் சுற்றிவரும் ஏழு அடிக் காற்றுக் குழாய்தான்.

அது போகிற பாதையைப் பாருங்கள். முதுகிலுள்ள இரட்டைச் சிலிண்டரின் வலது வால்விலிருந்து இறங்குகிறது. விங் எனும் மிதவைப் பைக்குப் பின்னால் மறைந்து, இடுப்பில் டார்ச் பெட்டிக்கு அடியில் செருகிக்கொள்கிறது. மார்பைக் குறுக்காகக் கடந்து இடது தோளேறி, பிடரியைச் சுற்றி வலப்பக்கமாக வாய்க்கு வருகிறது. இன்னொரு ரெகுலேட்டர் எலாஸ்டிக் கயிற்றில் மோவாய்க்குக் கீழே தொங்கும். கூட வருபவருக்குக் காற்று தீர்ந்தால், நாம் சுவாசித்துக்கொண்டிருப்பதையே வாயிலிருந்து எடுத்து நீட்ட வேண்டும். தலை லேசாகக் குனிகிறது, குழாய் பிடரியிலிருந்து வழுக்கிக் கழல்கிறது, இடது கை மோவாயடியில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவருகிறது. கைதேர்ந்தவர் செய்தால் இருவரும் நின்ற இடத்திலிருந்து ஒரு சாண்கூட ஏறி இறங்க மாட்டார்கள்.

வாயிலிருப்பதை ஏன் கொடுக்க வேண்டும்? அது வேலை செய்கிறது என்பதும், அந்த ஆழத்துக்கு ஏற்ற கலவை என்பதும் உறுதியாகத் தெரியும். பக்கவாட்டுச் சிலிண்டரில் ஐம்பது சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் தொங்கும்போது இது சின்ன விஷயமல்ல. இருபத்தொரு மீட்டரில் அது மருந்து. ஐம்பதில் வலிப்பு வரவழைக்கும் விஷம். ஏழு அடி நீளத்தைக் கேட்டவை குகைகள். ஒருவர் பின் ஒருவராகத்தான் வெளியே வர முடிகிற இடங்கள் அவை. குகை டைவர் ஷெக் எக்ஸ்லியின் தலைமுறை ஃபுளோரிடா குகைகளில் செத்தவர்களின் கதைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து விதிகளை எழுதியது. அவருடைய புத்தகம் 1979இல் வந்தது. அவரே 1994இல் மெக்சிகோவின் சகடோன் குழியில், ஆழ முயற்சி ஒன்றில் இறந்தார். ஆழத்தை வைத்து அவரைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்கு ஒட்டாது. என் கணக்கில் அவருடைய பெருமை அந்த விதிகள்.

சிலிண்டரை உடலின் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுண்ட் பிரியர்கள் வால்வு கண்ணெதிரே இருக்கிறதே என்பார்கள். சரிதான். தலைக்குப் பின்னால் கையை வளைத்து வால்வை மூடிப் பழகும்போது தோள் படும் பாடு லேசானதல்ல. வெளிவிடும் மூச்சையே சுத்திகரித்துத் திரும்பத் தரும் ரீபிரீதர்காரர்களின் குமிழியில்லாத அமைதியும் அழகுதான். ஆனாலும் இரட்டைச் சிலிண்டரும் நீளக் குழாயுமாக ஒரு அணி ஒரே மட்டத்தில் மிதந்து நிற்கும் காட்சிக்கு முன்னால் எனக்கு அவை இரண்டாம்பட்சம்தான்.

மட்டக்களப்புக் கடலில் அதைக் கண்ணாரக் கண்டேன். விமானந்தாங்கியாகவே வடிவமைத்துக் கட்டத் தொடங்கிய முதல் கப்பலான ஹெர்மீஸ் அங்கே ஐம்பது மீட்டருக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கப்பலைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு மனதில் நிற்பது மேலே வரும் வழியில் ஆறு மீட்டரில் நின்ற நேரம். நீரோட்டம் இழுத்தது. என் பயிற்சியாளர் கயிற்றைத் தொடவே இல்லை. முழங்கால் மடங்கியிருக்க, உடல் படுக்கை மட்டத்தில் கிடக்க, துடுப்பின் நுனி மட்டும் எப்போதாவது அசைந்தது. மூச்சு உள்ளே போகும்போது விரற்கடை உயர்ந்தார், வெளியே வரும்போது அதே அளவு தாழ்ந்தார்.

இப்போது இப்படி மிதந்து நிற்கக் கற்றுக்கொடுக்கும் பொறுமை குறைந்துவருகிறது. புதியவர்களை மணலில் மண்டிபோட வைத்தே பாடத்தை முடிக்கும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. மிதக்கவே கற்காதவர் நாலு சான்றிதழ் அட்டை வாங்கிக்கொண்டு டெக்னிக்கல் வகுப்புக்கு வருகிறார். ஒரு இடத்தில் நீளக் குழாயை நீருக்கடியில் ஒரே ஒரு முறை நீட்டிக் காட்டச் சொல்லி, படமெடுத்து, தேர்ச்சி என்று கைகுலுக்கியதைப் பார்த்தேன். நூறு முறை செய்து கைக்குப் பழக வேண்டிய வேலை அது.

பணம் கட்டுமுன் பயிற்சியாளரோடு ஒரு சாதாரண டைவ் போய்வாருங்கள். ஆறு மீட்டரில் எதையும் பிடிக்காமல் ஐந்து நிமிடம் நின்றபடி குழாயைக் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள்.