பூட்டு, கரையான், பாணர் வீட்டுப் பெண்

ஒரு நூல் ஏன் புனிதமாகிறது? இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு தயார் பதில்கள் உண்டு. பக்தர் சொல்வார்: அது இறைவன் வாக்கு. நம்ம தோழர் சொல்வார்: அதெல்லாம் புரோகிதக் கூட்டம் கட்டிவிட்ட கதை. இரண்டுமே கேள்வியை மூடிவைக்கிற பதில்கள்தான். சரி, கதையென்றே வைத்துக்கொள்வோம். ஒரு கதை நூற்றாண்டுக் கணக்கில் எப்படி வேலை செய்கிறது? அதைச் சொல்லாமல் ‘கதை’ என்று கைகழுவினால் விமர்சனம் ஆகிவிடுமா?

நம் கையிலேயே அப்படியொரு பிரதி இருக்கிறது. உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் ‘திருமுறை கண்ட புராணம்’. தேவாரம் கிடைத்த கதையைச் சொல்லும் சின்ன நூல். தமிழில் ஒரு பாட்டு எப்படி வேதமாக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் கிடையாது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். சோழ மன்னன் (முதலாம் ராஜராஜன் என்பது பரவலான கருத்து) மூவர் பாடல் சிலவற்றைக் கேட்டு உருகுகிறான். மிச்சப் பாடல்கள் எங்கே? நம்பியாண்டார் நம்பி பிள்ளையாரிடம் கேட்டுச் சொல்கிறார்: தில்லையில், பூட்டிய அறையில். கதவில் மூவரின் கைமுத்திரை. பாடினவர்கள் மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லை அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகள்மேல் கரையான் புற்று. மன்னன் கலங்கும்போது அசரீரி ஒலிக்கிறது: இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை மண் மூடச் செய்தோம்.

இனி கல்வெட்டுக்கு வாருங்கள். 9ஆம் நூற்றாண்டிலேயே, மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில், திருவல்லம் கோயிலில் திருப்பதியம் பாடுவோருக்கு மானியம் இருந்திருக்கிறது. சோழர் ஆட்சி வேரூன்றுவதற்கு முன்பே பாட்டு கோயிலுக்குள் புழங்கியிருக்கிறது என்று அர்த்தம். ராஜராஜனே தஞ்சைப் பெரிய கோயிலில் 48 பிடாரர்களையும், உடுக்கை ஒருவர், மத்தளம் ஒருவர் என இரண்டு பேரையும் நியமித்துத் தினப்படி நெல் அளந்தான். அப்படியென்றால் தொலைந்துபோகாத ஒன்றைத்தான் ‘கண்டெடுத்திருக்கிறார்கள்’.

எதற்கு இந்தக் கண்டெடுப்பு? சனங்கள் வாயில் புழங்குகிற பாட்டுக்கு எல்லை கிடையாது. எவரும் பாடலாம், கூட்டலாம், குறைக்கலாம். வேதத்துக்கு எல்லை வேண்டும், காவலர் வேண்டும், இதற்குமேல் எதுவும் இல்லை என்கிற முற்றுப்புள்ளி வேண்டும். கதை இந்த மூன்றையும் கச்சிதமாக வழங்கிவிடுகிறது. பூட்டு காவலரை உண்டாக்குகிறது. கரையான் எல்லை போடுகிறது. அசரீரி முற்றுப்புள்ளி வைக்கிறது. மூவர் பாடியவை ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகம் என்பது மரபுக் கணக்கு. இன்று கிடைப்பவை எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. இழப்பையே தெய்வத் திட்டமாக மாற்றிவிட்ட கதையாடலில், ‘தொகுத்தவர்கள் எதையாவது விட்டுவிட்டார்களா?’ என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் கல்லுக்கு அசரீரி தெரியாது. 1917இல் திருவிடைவாய்க் கல்வெட்டில் தொகுப்பில் இல்லாத சம்பந்தர் பதிகமொன்று கிடைத்தது. எல்லைக்கு வெளியேயும் பாட்டு இருந்திருக்கிறது.

கதை ஏடு கிடைத்ததோடு முடியவில்லை. ஏடு இருக்கிறது, பண் தெரியவில்லை. அந்தணருக்கும் தெரியாது, அரசனுக்கும் தெரியாது, நம்பிக்கும் தெரியாது. திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தி வந்து பண் வகுத்துத் தருகிறாள். சம்பந்தரோடு யாழ் வாசித்துத் திரிந்தவர் அந்தப் பாணர். தாழ்ந்த குலமென்று ஒதுக்கப்பட்டவர். ஆக எழுத்து பூட்டிய அறையில் கிடந்தது. பாட்டு ஒரு பாணர் வீட்டுப் பெண்ணின் தொண்டையில் உயிரோடு இருந்தது. கைமுத்திரை இல்லை, காவல் இல்லை, கரையானும் அரிக்கவில்லை. கதையே இதை ஒத்துக்கொள்கிறது. ஆனால் தொகுத்தவருக்குப் பெயர் உண்டு, திறக்கவைத்தவனுக்கு உண்டு, அவளுக்கு? ‘பாணர் மரபில் ஒருத்தி’, அவ்வளவுதான். பிறகு பாணர்கள் கோயில் இசையிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

இங்கே புனிதம் வேறு, அதிகாரம் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திருநீலகண்டப் பதிகம் பாடுகிற கிழவி இருக்கிறாள். அவளுக்கு அது புனிதம். புழக்கத்தால், பயத்தால், பிரியத்தால் உண்டான புனிதம் அது. அதை நக்கலடிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை. எவர், எங்கே நின்று, எப்போது பாடலாம் என்று தீர்மானிக்கிறது பாருங்கள், அது அதிகாரம். அது கிழவியின் புனிதத்தைக் கடன் வாங்கித்தான் பிழைக்கிறது.

2008இல் சிதம்பரத்தில் நடந்தது இதுதான். சிற்றம்பல மேடையில் தேவாரம் பாடலாம் என்று அரசாணை வந்து, மார்ச் 2ஆம் தேதி சிவனடியார் ஆறுமுகசாமி போலீஸ் காவலோடு மேடையேறினார். தீட்சிதர்கள் மறித்தார்கள். தேவாரம் புனிதமல்ல என்று எவரும் வாதாடவில்லையே! கீழே நின்று பாடு, மேலே வராதே என்பதுதான் தகராறு. பாட்டு அதே பாட்டு, படிக்கட்டுதான் வேறு. கனகசபை ஏறி வழிபட 2022 மே மாதம் அரசு மறுபடியும் ஓர் ஆணை போட வேண்டியிருந்தது.

இந்தப் போராட்டம் நியாயமானது. ஆனால் அதற்குள் நாம் தூக்கிப்பிடித்த முழக்கத்தையும் விசாரிக்கத்தான் வேண்டும். ‘தமிழ் வேதம்’ என்கிறோம். ‘மறை’ என்ற சொல்லுக்குத் தமிழில் வேதம் என்றும் பொருள், ஒளித்துவை என்றும் பொருள். வேதத்துக்குச் சமம் என்று உயர்த்தும்போது வேதத்தின் பூட்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோமா? வடமொழிக் காவலர் போய்த் தமிழ்க் காவலர் வந்து உட்கார்ந்தால் பாணருக்கு என்ன லாபம்? 2021இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் கோயிலில் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டபோது அதைப் புதுமை என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் புராணத்தின் கணக்குப்படியே பார்த்தால், தேவாரத்தின் பண்களைக் காப்பாற்றிக் கொடுத்தவள் ஒரு பெண். புதுமை எங்கிருந்து வந்தது? நடுவில் எத்தனை நூற்றாண்டு அவளை வெளியே நிறுத்தியிருந்தால் இது புதுமையாகத் தெரியும்?

எந்த வேதநூலை எடுத்தாலும் ‘இதில் என்ன சொல்லியிருக்கிறது’ என்பதோடு நின்றுவிடாதீர்கள். இதை எவர் தொகுத்தார், எதை விட்டார், சாவி எவர் கையில், பண் எவருடையது என்று கேளுங்கள். புனித நூல்களை வைத்துக்கொண்டிருக்கிற இயக்கங்களிடமும் இதைக் கேட்கலாம், நம்முடையதையும் சேர்த்துத்தான்.