இழந்த ஊரும் இழந்த இளமையும்

பிறந்து வளர்ந்த ஊரை நெடுங்காலம் பிரிந்திருந்து மீண்டு வந்த ஒருவன், பழைய குளம் தூர்க்கப்பட்டுக் கடைத்தெருவாகியிருக்கவும், தான் ஏறி விளையாடிய மரம் நின்ற இடத்தே தார்வீதி ஓடவும் கண்டு மனம் நைதல் உலகியலில் அடிக்கடி நிகழ்வதொன்றாகும். இவ்வுணர்ச்சியைப் பொருளாகக் கொண்டு பல நாட்டுப் புலவரும் பாடியுள்ளனர், நாவலாசிரியரும் எழுதியுள்ளனர். அப்படைப்புக்களை மதிப்பிடப் புகுவோர் முதற்கண் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். புலவன் இரங்குவது ஊரை இழந்தமைக்கோ, இளமையை இழந்தமைக்கோ என்பதே அவ்வினாவாகும்.

இவ்விரண்டு இழப்புக்களும் ஒருங்கே வருதலின் ஒன்றுபோலத் தோன்றும். ஆயின் அவை வேறு வேறானவை. இளமை கழிதல் இயற்கை. அதற்குப் பொறுப்பாளர் எவருமிலர். ஊர் மாறுதலோ மாந்தர் செயல். அதனைச் செய்தோர் உளர்; அதனாற் பயனடைந்தோர் உளர்; இழந்தோரும் உளர். ஊரைத் திருத்தியமைப்போர், அதற்காக வருந்துவோரை நோக்கி, ‘நீர் தேடுவது குளத்தையன்று, உமது பிள்ளைப்பருவத்தையே’ என்று கூறி வாயடைத்து விடுவதுண்டு. அக்கூற்று மெய்யாயின் அவ்விரக்கம் ஒருவனது தனித்துயராய் முடியும்; பொய்யாயின் அவ்விரக்கமே சான்றாகும். எனவே, இவ்வினா இலக்கியச் சுவையோடு மட்டும் அமையாது, ஊரின் வரலாற்றில் யாருடைய சொல் ஏற்கப்படும் என்பதையும் தொடுகின்றது. இதனை மூன்று படைப்புக்களை முன்வைத்து ஆராயலாம்.

இளமையிழப்பைத் தூய வடிவிற் காட்டுவது புறநானூற்றின் 243 ஆம் பாட்டு. முதியோன் ஒருவன் தன் சிறுபருவத்தை நினைக்கின்றான். மணலிற் பாவை செய்து பூச்சூட்டியதும், தண்ணிய குளத்தில் ஆடிய மகளிரோடு கைகோத்து அவர் அசைந்தவாறே அசைந்ததும், வஞ்சமறியாத் தோழரோடு கூடியதும், நீரின்மேற் சாய்ந்த மருதின் கிளையேறிக் கரையில் நின்றார் வியக்கப் பாய்ந்து மடுவின் அடிமணலை அள்ளி வந்ததும் அவன் நினைவில் எழுகின்றன. இன்றோ பூண்கட்டிய கோலை ஊன்றி, நடுங்கி, இருமலினிடையே சில சொற் சொல்லும் முதுமை வந்தடைந்துள்ளது. பாட்டில் வருந் தொடரே பாடியவர்க்குத் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பெயராயிற்று.

இப்பாட்டில் ஊர் மாறியதாக ஒரு சொல்லேனும் இல்லை என்பது நோக்கற்பாலது. குளம் அங்கேதான் உளது. மருதமும் நிற்கின்றது எனக் கொள்வதற்குத் தடையில்லை. பாய்வதற்கு உரிய உடல்தான் இல்லை. பழைய துறைகுறிப்பு இதனைக் கையறுநிலை என வகுத்தமை ஆழ்ந்த பொருளுடையது. தலைவன் இறந்துபட்டபோது சார்ந்தோர் செயலற்று இரங்குவது அத்துறை. ஈண்டு இறந்துபட்டது பாடுவோனின் இளமையே, இரங்குவோனும் அவனே. பகைவன் இல்லாத, பழிக்கத்தக்கார் இல்லாத இழப்பாதலின் பாட்டிற் சினமும் இல்லை. ஊரைப் பற்றிய பிற படைப்புக்களை உரைத்துப் பார்ப்பதற்கு இப்பாட்டு ஓர் உரைகல்லாக அமைகின்றது. குளம் மாறாதிருந்தாலும் ஒருவன் எவ்வளவு வருந்தியிருப்பான் என்பதை இது அளந்து காட்டிவிடுகின்றது. அவ்வளவிற்கு மேற்பட்டு எஞ்சும் துயரே ஊருக்கு உரியது.

ஆங்கிலத்தில் இப்பொருள் பற்றி எழுந்த புகழ்மிக்க பாட்டு ஒலிவர் கோல்ட்ஸ்மித் 1770 இல் வெளியிட்ட ‘டெசர்ட்டட் வில்லேஜ்’ என்பதாகும். ‘கைவிடப்பட்ட சிற்றூர்’ என அதன் பெயரைத் தமிழாக்கலாம். 430 அடிகளால் இயன்ற அப்பாட்டில் ஓபர்ன் என்னும் ஊரின் பழைய வாழ்வு விரிக்கப்படுகின்றது. முட்செடி நிழலில் முதியோர் பேசியிருந்த இருக்கை, மாலை விளையாட்டு, ஊராசிரியர், சமயகுரு, மதுச்சாலை ஆகிய யாவும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பின்னர் அந்நிலம் முழுவதையும் செல்வன் ஒருவன் கைப்பற்றிக்கொள்ள, குடிகள் வீடிழந்து அமெரிக்கக் காடுகளை நோக்கிக் கப்பலேறுகின்றனர்.

கோல்ட்ஸ்மித் அயர்லாந்திலுள்ள லிசோய் என்னும் ஊரில் வளர்ந்தவர். 1752 இல் அந்நாட்டை விட்டு நீங்கியவர் 1774 இல் இறக்குமளவும் அங்கு மீளவில்லை. வேட்டையில் துரத்தப்பட்ட முயல் தான் புறப்பட்ட இடத்திற்கே ஓடிவந்து சேருமாப்போல, அலைந்து களைத்த தாமும் ஈற்றில் ஊர் திரும்பி அங்கே உயிர்விடக் கருதியிருந்ததாக அவர் பாடும் பகுதி பாட்டின் உயிர்நிலையாகும். இப்பகுதியிற் பேசுவது விழுத்தண்டினாரை ஒத்த தனிமனிதத் துயரமே. இதனைக் கண்டு, பாட்டு முழுவதும் அத்தகையதே என முடிவு செய்தவர் பலர்.

அவருள் முதன்மையானவர் மெக்காலே. கலைக்களஞ்சியத்துக்காக 1856 இல் கோல்ட்ஸ்மித்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், இன்பமுற்றிருந்த ஓபர்ன் ஆங்கில ஊர் என்றும், பாழ்பட்ட ஓபர்ன் அயர்லாந்து ஊர் என்றும், வேறு வேறு நாட்டுக் காட்சிகளைப் புலவர் பொருத்தமின்றி இணைத்துவிட்டார் என்றும் அவர் குறை கூறினார். அத்தகைய ஊரின் குடிகள் ஒருங்கே வெளியேற்றப்பட்டதைக் கோல்ட்ஸ்மித் இங்கிலாந்திற் கண்டிருக்க முடியாது என்பது அவர் துணிபு. இத்தடை வலிமையுடையதாகத் தோன்றும். நினைவானது தான் கண்டவற்றையும் விரும்பியவற்றையும் கலந்து ஓரூராக்கிக் கொள்ளும் இயல்பினது என்பதை மறுத்தல் இயலாது.

ஆயின் வரலாறு மெக்காலேக்கு மாறாக நிற்கின்றது. ஒக்ஸ்போட்டை அடுத்த நியூனம் கோர்ட்னி என்னும் ஊரை ஹார்க்கோட் பிரபு 1760 ஐ அடுத்த ஆண்டுகளிலே தம் மாளிகையைச் சூழக் காட்சிப் பூங்கா அமைக்கும்பொருட்டு அகற்றினார். பழைய கோயில் மறைந்து, 1764 இல் பண்டைக் கிரேக்க உரோமக் கோயிலின் சாயலில் ஒரு கட்டடம் பூங்காவிற்கு அணியாக எழுந்தது. குடிகளுக்கு ஒக்ஸ்போட் வீதியின் இருமருங்கும் ஒரேமாதிரியான புது வீடுகள் வரிசையாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. 1762 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்த பெயரில்லாக் கட்டுரையொன்று, பெருஞ்செல்வனாகிய வணிகன் ஒருவன் தன் இன்ப மாளிகைக்காக ஓரூரையே வாங்கிக் குடிகளை வெளியேறப் பணித்த செய்தியைக் கூறுகின்றது. அதனை எழுதியவர் கோல்ட்ஸ்மித்தே என்பது இருபதாம் நூற்றாண்டு ஆராய்ச்சியாற் பெறப்பட்ட முடிவு. பொதுநிலங்களைச் சட்டத்தின் துணைகொண்டு வேலியடைத்துத் தனியார் உடைமையாக்கும் வழக்கமும் அந்நூற்றாண்டில் அங்கு மிக்கிருந்தது.

பாட்டை ரெயினால்ட்ஸ் என்னும் ஓவியருக்குக் காணிக்கையாக்கி எழுதிய முன்னுரையில், ஊர்கள் குடியற்றுப் போவது புலவரின் கற்பனையே என நண்பர் பலரும் கூறுவர் என்பதைக் கோல்ட்ஸ்மித் முன்னரே எதிர்பார்த்தார். நான்கைந்து ஆண்டுகளாக நாட்டுப்புறங்களுக்குச் சென்று பார்த்தே தாம் எழுதியதாக அவர் விடையும் கூறினார். தன் ஏக்கத்தின்மீது பிறர்க்கு எழக்கூடிய ஐயத்தை உணர்ந்து, அதற்கு வெளியே சான்று தேடிய புலவர் அவர். ஆகவே, லிசோயை நினைத்து எழுந்த துயரே ஓபர்ன் போன்ற ஊர்களின் அழிவைக் காணும் கண்ணை அவருக்குத் தந்தது எனல் பொருந்தும். இரண்டு ஊர்கள் பாட்டிற் கலந்தமை கலைக்குறையாகலாம், பொய்ச்சான்று ஆகாது.

எனினும், வேறொரு குறை அப்பாட்டில் உண்டு. பழைய ஓபர்னில் உழைப்பு இலேசாயிருக்கின்றது, பசியில்லை, பிணக்கில்லை. தீமை யாவும் செல்வன் ஒருவனோடு வெளியிலிருந்து நுழைந்தனபோல் அமைந்துள்ளன. இதற்கு எதிர்மொழி போன்று 1783 இல் யோர்ச் கிராப் ‘வில்லேஜ்’ என்னும் பாட்டை வெளியிட்டார். கடலோர ஊராகிய ஓல்ட்பரோவிற் பிறந்து அங்குள்ள வறுமையை அறிந்த அவர், களைமண்டிய நிலத்தையும் உழைத்து நலிந்த ஏழைகளையும் காட்டினார். இவ்விரு பாட்டுக்களிலும் சாமுவேல் யோன்சன் கைவைத்துள்ளார். முன்னதன் கடைசி நான்கு அடிகள் அவர் இயற்றியவை. பின்னதன் சில அடிகள் அவராற் திருத்தப்பட்டவை. இழந்த ஊரை இனிய ஊராகவே காட்டினால், அது என்றும் அவ்வாறிருந்ததில்லை என்பதைக் காட்டுவோர் எளிதில் வென்றுவிடுவர். அவ்வாறு வென்றோர், ஊரைக் குலைத்ததும் தவறன்று எனத் துணிதல் கூடும். மிகைப்படுத்திய இனிமை ஊருக்குத் துணையாகாது பகையாகும் இடம் இதுவே.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து விலகும் வழியைத் தமிழ் நாவலொன்று காட்டுகின்றது. சுந்தர ராமசாமி 1966 இல் நூலாக வெளியிட்ட ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாகர்கோவிற் சூழலைக் களமாகக் கொண்டது. திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்து, சுதந்திரம் கண்டு, 1956 இல் சென்னை மாநிலத்தோடு இணைந்த பகுதி அது. நாற்சந்தியில் நின்ற ஒரு புளியமரத்தைச் சுற்றி ஊரின் மாற்றம் சொல்லப்படுகின்றது. கதை கூறுவோன் இளைஞன். பழங்காலத்தை அவன் கண்டதில்லை. தாமோதர ஆசான் என்னும் முதியவர் வாய்மொழியாகவே அதனை அறிகின்றான். ஆசானோ கேட்போரைக் கட்டிவைக்கும் கதைவல்லார். அவர் கூறுவனவற்றுள் எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்பது கேட்போர்க்குத் தெளிவாவதில்லை. நினைவும் ஒரு கதையே என்னும் உண்மையை நாவல் மறைக்காமல் முன்னே வைத்துவிடுகின்றது. கோல்ட்ஸ்மித் முன்னுரையில் விடைகூற வேண்டியிருந்த ஐயத்தை இந்நாவல் தன் அமைப்பிலேயே ஏற்றுக்கொண்டுள்ளது.

அடுத்து, அப்பழைய ஊர் இன்பவூராகக் காட்டப்படவில்லை. மரத்தைச் சூழ்ந்திருந்த குளம் நாற்றமுடையது. மன்னர் வருகையை ஒட்டியே அது தூர்க்கப்படுகின்றது. மரத்தின்மீது வழிபாட்டு மயக்கமும் ஏற்றப்படவில்லை. ஊரார் பலருக்கு அது நிழலாயும், ஏலம் போகும் புளியாயும், தற்செயலாய் நிற்கும் ஓர் அடையாளமாயும் உள்ளது. சுதந்திரத்துக்குப் பின் காற்றாடி மரத்தோப்பு வெட்டப்பட்டு அவ்விடத்தே பூங்கா அமைக்கப்படுகின்றது. மரங்களை வீழ்த்திவிட்டுச் செடிகளை நடுவதன் பொருள் யாதென வினவும் எளிய உரையாடல் ஒன்று அங்கு வருகின்றது. கண்ணீர் சிந்தாமல், நகைச்சுவையோடு கேட்கப்படும் அவ்வினாவுக்கு முன்னேற்றம் என்னும் சொல் விடைகூற இயலாது தடுமாறுகின்றது. வினவியவரை நோக்கி ‘உமது இளமைக்கு ஏங்குகின்றீர்’ என்று கூறித் தப்பவும் வழியில்லை.

மூன்றாவது சிறப்பே மிகப் பெரிது. ஓபர்னை அழித்தவன் தனியொரு செல்வன். புளியமரத்தை அழிப்பதோ ஊரே எனலாம். கடைக்காரரின் போட்டி, நகரசபைத் தேர்தற் சூழ்ச்சி, செய்தித்தாளின் ஆரவாரம் ஆகியவை பின்னிப் பிணைந்து மரத்தை வழக்குப் பொருளாக்குகின்றன. ஒருவருக்கு அதனை வெட்டுவது வெற்றி. மற்றவருக்குக் காப்பது வெற்றி. இருதிறத்தாரும் மரத்தை நினைத்தவர் அல்லர். ஈற்றில் அது நஞ்சூட்டப்பட்டுப் பட்டுப்போகின்றது. அவ்விடத்தின் பெயரில் மட்டும் புளியமரம் நிலைக்கின்றது. வெளியார்மீது பழிபோட்டு ஊரார் தூயவராய் விலகும் வழியை ஆசிரியர் அடைத்துவிட்டார். படிப்போனும் அவ்வூரவருள் ஒருவனாய் நின்று தன் பங்கினை எண்ணிப் பார்க்க நேர்கின்றது.

இந்நாவலிலும் குறையில்லாமலில்லை. பல கிளைக்கதைகள் மரத்தை நீங்கி நெடுந்தூரம் சென்று மீள்கின்றன. வணிகர் பூசல் விரியும் பின்பகுதியில், ஆசான் கதைகளிலிருந்த பெருமூச்சும் வியப்பும் குன்றுகின்றன. ஆயினும், அக்குன்றுதலும் பொருளுக்கு ஏற்றதே என வாதிடலாம். கதைசொல்லியின் ஊர் கணக்கெழுதுவோரின் ஊராக மாறும்போது உரைநடையும் வறண்டு போதல் இயல்பாகும்.

மூன்று படைப்புக்களையும் ஒப்புநோக்குமிடத்து ஓர் அளவுகோல் புலனாகின்றது. விழுத்தண்டினார் தம் இளமையை மட்டும் பாடினார். அதனை ஊரின் இழப்பென்று மயங்கவில்லை. ஆகவே அவர் பாட்டு முழு உண்மையுடையது. கோல்ட்ஸ்மித் இரண்டையும் கலந்தார். ஆயினும் தம் ஏக்கத்திற்கு அப்பால் சென்று கண்ணாற் கண்ட சான்றைத் தேடினார். அவர் வழுவியது, இழந்ததைக் குற்றமற்றதாக்கிய இடத்திலேயே. சுந்தர ராமசாமி, பழைய ஊரின் நாற்றத்தை ஒப்புக்கொண்ட பின்னரும் அதன் அழிவு இழப்பே என்று காட்டினார். குறையுடைய ஒன்றையும் ஒருவர் இழந்து வருந்தலாம் என்பதே அவர் நிலைநாட்டிய உண்மை.

ஊர்கள் மாறாதிருத்தல் கூடாது. மாறாதிருப்பின் நோய்க்குளங்கள் நோய்க்குளங்களாகவே இருக்கும். எனினும், எவரைக் கேட்டு, எவர் நலங்கருதி, எதனை விலையாகக் கொடுத்து மாறின என்னும் கணக்கு எழுதப்படுதல் வேண்டும். நகரசபையின் ஏடுகளிற் பூங்காவின் செலவு பதிவாகும். தோப்பின் நிழல் பதிவாகாது. அப்பதிவை நினைவுதான் செய்யவேண்டும். நினைவு அதனை நம்பத்தக்கவாறு செய்ய விரும்பின், தன் முதுமைக்குரிய துயரைத் தனியே பிரித்துவைத்து, பழமையின் குறைகளையும் மறைக்காது கூறி, எஞ்சியதையே ஊரின் பெயரால் முன்வைத்தல் வேண்டும். அவ்வாறு முன்வைக்கப்பட்ட துயரை, பிள்ளைப்பருவ ஏக்கம் என்று எவரும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.