எண்ணூரில் ஆனந்தபைரவி

2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் பாராட்டியது அதன் செய்தியை. எண்ணூர்க் கழிமுகம், அனல் மின் நிலையக் குழாய்கள் கசியவிட்ட நிலக்கரிச் சாம்பல், மூக்கை மூடிய கவசத்தோடு டி.எம். கிருஷ்ணா. செய்தி சரிதான். ஆனால் சரியான செய்தி நல்ல கலைக்கு ஜாமீன் அல்ல. பாட்டுக்குள் என்ன நடந்தது என்பதே என் அக்கறை.

கேபர் வாசுகி எழுதியது சென்னைப் பேச்சில். ஆர்.கே. ஸ்ரீராம்குமார் அதை ராகமாலிகையாக அமைத்தார், ஆனந்தபைரவியில் தொடங்குகிறது. வரித்தீர்வைக்கு வெளியே ஊருக்குப் பொதுவாகக் கிடந்த நிலத்தின் பெயர், நம் வாயில் வசையாகிப் போன சொல். சியாமா சாஸ்திரி அவ்வளவு நேசித்த ராகத்தை அந்த வசையின் மேல் ஏற்றுவது வெறும் விகடமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. காரணம் சொல்லின் ஒலி. கச்சேரி சாகித்யம் நெடில்களில் சாய்ந்து இளைப்பாறப் பழகியது. 'பொறம்போக்கு' என்பதில் இருப்பது ஒரே ஓகாரம். உடனே வல்லினம் வந்து கதவைச் சாத்துகிறது. கமகம் அந்தச் சிறிய இடத்துக்குள் நெருக்கியடித்துத்தான் அசைய வேண்டும். பரிசோதனை என்று இதைத்தான் சொல்வேன். கவசம் வெறும் போஸ்டர்.

ஆனால் நெருக்கடி குரலோடு நின்றுவிட்டது. பாடகர், பக்கவாத்தியம் என்ற கச்சேரியின் அடுக்கு குலையாமல் அப்படியே எண்ணூரில் வந்து இறங்குகிறது.

மேற்கு சுமத்ராவில் மினாங்கபாவ் மக்களின் ராண்டாய், வட்டமாக நின்று ஆடும் கூத்து. சிலெக் என்ற தற்காப்புக் கலையின் அடவுகள்தான் அதன் அசைவுகள். ஆட்டக்காரர்கள் தங்கள் தொளதொளத்த கால்சட்டைத் துணியை அறைந்தே தாளம் எழுப்புகிறார்கள். பாடாங் நகரில் எரி மெஃப்ரி 1983-ல் தொடங்கிய நான் ஜொம்பாங் குழு நவீன நடனத்துக்குப் போனபோது இந்த அறையையும் கூடவே எடுத்துப் போயிற்று. ஆடுகிற உடம்பே வாத்தியம். மரபை இப்படி உள்ளிருந்து உலுக்கியதற்கு இணையாக எண்ணூர்ப் பாட்டில் ஓகாரம் ஒன்றுதான் இருக்கிறது.

வடசென்னைக்குச் சொந்த சங்கீதம் இல்லாமலில்லை. கானா இருக்கிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவை கிட்டாரோடும் ராப்போடும் சேர்த்தது. பாட வந்தவர்களில் கானாக்காரர்களே இருந்தார்கள் என்பது பெரிய வித்தியாசம். (ஒலிபெருக்கியின் இரைச்சலில் கானாவின் துக்கம் கொஞ்சம் தொலைந்தது என்பதும் உண்மை.)

மரண கானா பாடுகிறவன் பிணத்தருகே உட்கார்ந்து செத்தவன் பெயரை, தொழிலை, பிள்ளைகளைப் பாட்டுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். வீட்டுக்கு வீடு பாட்டு மாறியாக வேண்டும். ஆனந்தபைரவிக்கு எண்ணூரில் அப்படி ஒரு கட்டாயம் நேரவில்லை. கிருஷ்ணா இன்னொரு முறை அந்தக் கரைக்கு வந்தால் மிருதங்கத்தை மயிலாப்பூரிலேயே விட்டுவிட்டு வந்து பார்க்கலாம்.